இந்த வயதில் எனக்கு ஏ.டி.எச்.டி. உண்மையிலேயே இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. திருச்சியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். 4 ஆண்டுகளுக்கு முன், என் மகனுக்கு 8 வயதாக இருந்தபோது, பள்ளியில் சொன்னதன்பேரில் அவனை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பெற்றோர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். பொருட்களைத் தொலைக்கிறானா, நேரே நின்று பேசும்போதும் காதில் வாங்காதது போல் இருக்கிறானா, தொடங்கியதை முடிக்காமல் விடுகிறானா என்று வரிசையாகக் கேள்விகள். நான்காவது வரிக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மகனைப் பற்றி எழுதுகிறேனா, என்னைப் பற்றியா என்று எனக்கே குழம்பிவிட்டது. அடுத்த ஆண்டு, 39 வயதில், எனக்கும் ஏ.டி.எச்.டி. (கவனத்தையும் அவசரத்தையும் கட்டுக்குள் வைக்க முடியாத கோளாறு) என்று மருத்துவர் சொன்னார்.

அந்த ஓராண்டு முழுவதும் என்னை அரித்த கேள்விகளும், பிறகு உறவினர்களும் தோழிகளும் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டவையும் இங்கே இருக்கின்றன. உங்களுக்கு இருக்கிறது என்று நம்பவைக்க இதை எழுதவில்லை. பலரும் இதற்கான விடையைத் தவறான இடத்தில் தேடி ஆண்டுக்கணக்கில் தவிக்கிறார்கள். எங்கே தேட வேண்டும் என்று காட்டத்தான் எழுதுகிறேன்.

ஏ.டி.எச்.டி. என்றால் கவனம் குறைவாக இருப்பதுதானே?

தமிழில் ‘கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு’ என்று எழுதுகிறார்கள். பாதிக் குழப்பத்துக்கு இந்தப் பெயரே காரணம். எனக்குக் கவனம் குறைவு என்று அச்சகத்தில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். 300 பக்க நூலில் ஒற்று விட்டுப்போன இடத்தையும் புள்ளி விடுபட்ட எழுத்தையும் கண் தானாகப் பிடித்துவிடும். அதே நான், 10 நிமிடத்தில் நிரப்பிக் கொடுக்கக்கூடிய ஒரு வங்கிப் படிவத்தை 3 மாதம் கைப்பையில் சுமந்து திரிந்திருக்கிறேன். கவனம் இருக்கிறது. வேண்டிய வேலையின் பக்கம், வேண்டிய நேரத்தில் அதைத் திருப்பும் கடிவாளம்தான் கைக்கு அகப்படுவதில்லை.

ஒன்றைத் தொடங்குவது, நிறுத்துவது, வேலைகளை வரிசைப்படுத்துவது, ஒரு காரியம் செய்யும்போதே இன்னொன்றை மனத்தில் தாங்கிக்கொள்வது, எவ்வளவு நேரம் ஓடியது என்று உணர்வது ஆகிய இடங்களில்தான் இது இடறுகிறது. மருத்துவர்கள் மூன்று வகை சொல்கிறார்கள். கவனச் சிதறல் மேலோங்கியது ஒன்று; துறுதுறுப்பும் அவசரமும் மேலோங்கியது ஒன்று; இரண்டும் கலந்தது மற்றொன்று. சிறுவயதில் பெஞ்சு மேல் ஏறிக் குதித்த பிள்ளை 40 வயதில் குதிப்பதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உள்ளுக்குள் ஓயாத பரபரப்பாகவும், அடுத்தவர் பேசி முடிக்கும் முன் குறுக்கே விழும் பேச்சாகவும் அது உருமாறிவிடுகிறது.

மறதி யாருக்குத்தான் இல்லை? இதற்கெல்லாம் ஒரு நோயின் பெயரா?

என் அத்தை இன்றும் இதைக் கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அறிகுறிப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், சராசரி மனிதர் ஒருபோதும் செய்யாத காரியம் என்று அதில் ஒன்றுமே இல்லை. எல்லோரும் சாவியைத் தேடுகிறார்கள். எல்லோர் வீட்டிலும் பால் பொங்குகிறது.

ரத்த அழுத்தமும் எல்லோருக்கும் உண்டு. எந்த அளவைத் தாண்டினால் உடம்பைக் கெடுக்கும் என்று பார்த்து அங்கே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இதுவும் அந்த மாதிரிதான். கோட்டைத் தாண்டியிருக்கிறோமா என்பதை அறிகுறியின் பெயர் சொல்லாது. அது எவ்வளவு அடிக்கடி, எத்தனை காலமாக நடக்கிறது, அதற்கு நாம் என்ன விலை கொடுத்திருக்கிறோம் என்பவைதான் சொல்லும்.

விலை என்று நான் எதைச் சொல்கிறேன்? என் திருமணத்துக்கு அம்மா போட்ட 3 பவுன் வளையலை ஒருமுறை அடகு வைத்திருந்தேன். வட்டி கட்டிப் புதுப்பிக்கக் கையில் பணம் இருந்தது. நினைவூட்டும் கடிதம் இரண்டு முறை வந்தது. இரண்டையும் படித்தேன். நாளைக்குப் போகலாம் என்று அலமாரியில் வைத்தேன். தினமும் காலையில் ‘இன்று போக வேண்டும்’ என்று நினைத்தேன், தினமும் இரவு நெஞ்சு படபடக்கப் படுத்தேன். ஏலம் முடிந்த பிறகுதான் போய் நின்றேன். பணமில்லாமல் நகையை இழந்தவர்கள் நம் தெருவில் பலர் இருக்கிறார்கள். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே இழந்ததை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்களும் ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள்: கட்டிய அபராதங்கள், கைவிட்ட படிப்பு, எரிச்சலில் விட்ட வேலைகள், பிறந்தநாளை மறந்ததால் பேச்சை நிறுத்திய நட்பு, வண்டியில் தப்பித்த விபத்துகள். பக்கம் பெரும்பாலும் காலியாக இருந்தால் உங்கள் மறதி என் அத்தை சொல்லும் மறதிதான். தாள் நிறைந்து மறுபக்கமும் போனால் மருத்துவரைப் பார்க்கக் காரணம் இருக்கிறது.

இது சிறுவர்களுக்கு வருவதல்லவா? பெரியவர்களுக்கும் என்பது புது நாகரிகம் இல்லையா?

ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-லேயே, ஒன்றின் மேல் மனத்தை நிறுத்த முடியாமல் தவிப்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902-ல் லண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவில் குறைவில்லாத, ஆனால் தன்னைக் கட்டுப்படுத்த முடியாத பிள்ளைகளைப் பற்றி உரைகள் ஆற்றினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1968-ல் இது இடம்பெற்றபோது பெயரிலேயே ‘குழந்தைப் பருவம்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டது. 1980-ல் கவனக் குறைபாட்டை முன்னிறுத்திப் பெயரை மாற்றினார்கள். 1987-ல் இன்றைய பெயர் வந்தது. அரும்பு மீசை முளைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை மட்டும் நெடுங்காலம் நீடித்தது. வளர்ந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது பலருக்கு அது போகவில்லை என்று தெரிந்தது. பெரியவர்களில் சுமார் 100-க்கு 2 அல்லது 3 பேருக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

ஆனால் 35 வயதில் திடீரென்று புதிதாக முளைக்குமா என்பது வேறு கேள்வி. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 73-ல் பிறந்த ஏறக்குறைய 1,000 பேரைப் பிறப்பிலிருந்து தொடரும் ஓர் ஆய்வு இருக்கிறது. 38 வயதில் ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் காட்டியவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிறுவயதில் அது இருந்ததற்கான பதிவு இல்லை என்று 2015-ல் அந்தக் குழு வெளியிட்டது. பெரிய விவாதம் எழுந்தது. பின்னர் இதே கேள்வியை நுணுகிப் பார்த்தவர்கள், தாமதமாகத் தொடங்கியதாகத் தோன்றும் பலருக்கு வேறொரு மனநலப் பிரச்சினையோ போதைப் பழக்கமோ காரணமாக இருப்பதைக் காட்டினார்கள். ஆகவே, ‘போன வருஷம் வரை நன்றாக இருந்தேன், இப்போதுதான் இப்படி’ என்று ஒருவர் சொன்னால், போன வருஷம் என்ன மாறியது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

மருத்துவர் எதை வைத்து முடிவு செய்கிறார்?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பான டி.எஸ்.எம்.-5-ன் அளவுகோல் நம் ஊரிலும் புழங்குகிறது. கவனம் சார்ந்து 9 அறிகுறிகள், துறுதுறுப்பும் அவசரமும் சார்ந்து 9 அறிகுறிகள். சிறுவர்களுக்கு ஏதாவது ஒரு பக்கத்தில் 6 இருக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர்களுக்கு 5 போதும். குறைந்தது 6 மாதமாக நீடித்திருக்க வேண்டும். பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். முந்தைய பதிப்பில் இது 7 வயது என்று இருந்தது. வீடு, வேலை, நட்பு என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். மேலதிகாரி முன்னால் மட்டும் மூளை உறைந்துபோகிறது என்றால் சிக்கல் அந்த அறைக்குள் இருக்கக்கூடும். வாழ்க்கையைக் கெடுத்திருக்க வேண்டும். வேறு காரணத்தால் இதைவிடப் பொருத்தமாக விளக்க முடியாததாகவும் இருக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இதை உறுதிசெய்யாது. ஸ்கேன் எடுத்து ஏ.டி.எச்.டி. கண்டுபிடித்துத் தருகிறோம் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். ரத்தம் எடுக்கச் சொன்னால் அது வேறு காரணங்களை விலக்குவதற்காக.

என் சிறுவயது எனக்குச் சரியாக நினைவில்லையே?

எனக்கும் நினைவில் இருக்கவில்லை. ஆனால் நம் வீடுகளில் இதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். பரணில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் இறக்குங்கள். ரேங்க் கார்டில் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். ஆசிரியர் குறிப்பு என்ற சின்னக் கட்டத்தைப் பாருங்கள். என் ஐந்தாம் வகுப்பு அட்டையில் ‘கெட்டிக்காரி, விளையாட்டுப் புத்தி’ என்று ஒரு முறையும், ‘கவனப் பிழைகள் மிகுதி’ என்று இரண்டு முறையும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே அப்பாவின் கையெழுத்து. அந்த மூன்று கையெழுத்துக்கும் நான் வாங்கிய அடி எனக்கு உடனே நினைவுக்கு வந்துவிட்டது.

அம்மாவிடம் கேட்கும்போது நோயின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். ‘எனக்குச் சின்ன வயதில் மூளையில் கோளாறு இருந்ததா’ என்று கேட்டால் எந்தத் தாயும் இல்லை என்றுதான் சொல்வார். பென்சில், குடை, டிபன் டப்பா எத்தனை தொலைத்தேன், கடைக்கு அனுப்பினால் என்ன வாங்கிக்கொண்டு வந்தேன், வீட்டுப்பாடம் செய்ய யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். எண்ணெய்க்குக் கொடுத்தனுப்பிய தூக்குவாளியைக் கடையிலேயே வைத்துவிட்டு, வழியில் கண்ட பொம்மலாட்டத்தைப் பார்த்து நின்ற கதையை அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். அது ஒரு நாள் கதையா என்று கேட்டேன். ‘ஒரு நாளா? உன்னைத் தேடுவதே எனக்கு வேலை’ என்றார். அம்மா இல்லாதவர்கள் அக்காவையோ அண்ணனையோ கேட்கலாம். கூடப் பிறந்தவர்களுக்கு நம் குறைகள் நம்மைவிட நன்றாக நினைவிருக்கும்.

நான் நன்றாகப் படித்தேன். பத்தாம் வகுப்பில் 500-க்கு 470. எனக்கு எப்படி இருக்க முடியும்?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மதிப்பெண் இதைத் தீர்மானிக்காது. அந்த 470 எப்படி வந்தது என்று பாருங்கள். விடியற்காலை நாலரைக்கு எழுப்பிக் காபி கொடுத்தது யார்? டியூஷன் வாத்தியார் எத்தனை மாதிரித் தேர்வு வைத்தார்? விடுதிப் பள்ளியாக இருந்தால், எப்போது படிப்பது, எப்போது உண்பது, எப்போது உறங்குவது என்று எதையுமே நீங்கள் முடிவு செய்திருக்கமாட்டீர்கள். அடுத்தவர் போட்ட சாரத்தின் மேல் நின்றுதான் நம்மில் பலர் மேலே வந்தோம். கல்லூரிக்கோ வேலைக்கோ போய்ச் சாரம் கழன்றவுடன் சுவர் தானே நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். பள்ளி வரை முதல் மதிப்பெண், பொறியியலில் 14 அரியர் என்ற கதை நம்மிடம் எவ்வளவு உண்டு! அவற்றுக்கெல்லாம் ஏ.டி.எச்.டி. காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருவரைக் கூட அந்தக் கோணத்தில் யாரும் விசாரித்ததில்லை.

பெண்களுக்கு இது குறைவு என்கிறார்களே?

சிறுவயதில் கண்டறியப்படுவோரில் ஆண் பிள்ளைகள் இரண்டு, மூன்று மடங்கு அதிகம். வளர்ந்தவர்களில் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. வகுப்பைக் கலைக்கும் பையனைப் பற்றிப் புகார் வரும். ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்து வேறு உலகில் இருக்கும் பெண்ணைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லை. ‘சமத்து’ என்று பெயர் கிடைத்துவிடும். பிறகு திருமணமாகி, ஒரே நாளில் பள்ளிச் சீருடை, மாமியாரின் மாத்திரை, சிலிண்டர் பதிவு, சீட்டுப் பணம், அலுவலகம் என்று நாற்பது நூல்களை ஒரே கையில் பிடிக்க வேண்டி வரும்போதுதான் அவள் உடைகிறாள். அப்போதும் ‘பொறுப்பில்லாதவள்’ என்றுதான் பெயர்.

என்னைப் போலப் பிள்ளையின் படிவத்தில் தன்னைக் கண்டுகொண்ட தாய்மார்கள் நிறைய. அதில் வியப்பில்லை. ஏ.டி.எச்.டி.யில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. நம் உயரத்தில் மரபுக்கு உள்ள பங்குக்கு ஏறக்குறைய இணையாக.

இணையத்தில் ஒரு தேர்வு எழுதினேன். ‘வாய்ப்பு அதிகம்’ என்று வந்தது. போதாதா?

எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் உருவான 18 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று உண்டு. அதன் முதல் 6 கேள்விகளை மட்டும் முதற்கட்டச் சல்லடையாகப் பயன்படுத்துவார்கள். 6-ல் 4 அல்லது அதற்கு மேல் பொருந்தினால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று பொருள். இருக்கிறது என்று பொருள் இல்லை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,000 பேரில் 25 பேருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகக் கொள்வோம். 100-க்கு 90 முறை சரியாகச் சொல்லும் ஒரு நல்ல தேர்வை எல்லோரும் எழுதுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். உள்ள 25 பேரில் 22, 23 பேரைப் பிடித்துவிடும். இல்லாத 975 பேரில் 97, 98 பேரையும் தவறாகப் பிடிக்கும். ஆக, ‘ஆம்’ என்று வந்த 120 பேரில் ஐந்தில் ஒருவருக்குத்தான் உண்மையில் இருக்கும். சும்மா பொழுதுபோகாமல் எழுதியவரைவிட, ஆண்டுக்கணக்கில் தவித்து எழுதியவருக்கு வாய்ப்பு அதிகம்தான். அப்போதும் அது சல்லடையே.

கைப்பேசியால் கெட்டுப்போன கவனத்தைத்தான் ஏ.டி.எச்.டி. என்று நினைக்கிறேனோ?

40 வயதைத் தாண்டியவர்களுக்கு இதற்கு விடை காண்பது எளிது. கைப்பேசி இல்லாத ஒரு குழந்தைப் பருவம் நமக்கு இருந்தது. அப்போதும் இப்படித்தான் இருந்தேனா என்று கேட்டால் போதும். 22 வயதுக்காரருக்கு அந்த வசதி இல்லை. இரண்டு வாரம் குறுங்காணொளிச் செயலிகளை நீக்கிவிட்டு, இரவு 7 மணி நேரம் தூங்கிப் பாருங்கள். கவனம் திரும்பிவிட்டால் நல்லது. கைப்பேசி போன இடத்தில் சுவரில் ஊரும் பல்லி வந்து உட்கார்ந்துகொண்டால், மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

வேறு எவையெல்லாம் இதைப் போலவே தோன்றும்?

இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டு யாரும் முடிவுக்கு வரக்கூடாது. தூக்கக் குறைவு முதல் சந்தேகம். குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று விழிப்பதும் இருந்தால், எட்டு மணி நேரம் படுத்தாலும் மூளை ஓய்வெடுத்திருக்காது. தைராய்டு குறைவாகச் சுரந்தால் மந்தமும் மறதியும் வரும். அதிகமாகச் சுரந்தால் படபடப்பும் நிலைகொள்ளாமையும். பி-12 வைட்டமின் குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் மனம் ஒன்றில் ஊன்றாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அந்த எளிய ரத்தப் பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள் என்று எந்தத் தோழி கேட்டாலும் சொல்கிறேன்.

மனச்சோர்வு வந்தவருக்குப் படிக்கும் வரி மண்டையில் ஏறாது. ஆனால் மனச்சோர்வுக்கு ஒரு தொடக்கம் இருக்கும், ‘அதற்கு முன்’ என்று ஒரு காலம் இருக்கும். பதற்ற நோய், மிகை உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு, குடி, கஞ்சா, இழப்பின் துயரம், கைக்குழந்தையோடு கண்விழிக்கும் மாதங்கள் எல்லாமே கவனத்தைக் குலைப்பவை. சிக்கல் என்னவென்றால் இவற்றில் ஒன்றும் ஏ.டி.எச்.டி.யும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். எனக்கு மருத்துவர் முதலில் பதற்றத்துக்குத்தான் சிகிச்சை தொடங்கினார். ஆண்டுக்கணக்காகத் தவறவிட்டவற்றின் மேல் வளர்ந்த பதற்றம் அது என்று பிரித்தறிய நான்கு மாதம் ஆனது.

நான் வெறும் சோம்பேறியோ? சாக்குத் தேடுகிறேனோ?

எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் கிடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். சிறுவயதிலிருந்து காதில் விழுந்த சொல் அது. கடைசியில் நம் குரலிலேயே நமக்குள் பேசத் தொடங்கிவிடுகிறது.

ஒரு வேலை வேண்டாம் என்று விடுவது ஒன்று. வேண்டும் என்று துடித்தும் கை போகாமல் நிற்பது வேறொன்று. வளையல் அடகில் இருந்த அந்த வாரங்களில் நான் ஒரு நாளும் நிம்மதியாக உட்காரவில்லை. கடிதம் இருந்த அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் வயிறு சுருண்டது. சோம்பலில் ஒரு சுகம் உண்டு; எனக்கு அந்தச் சுகம் ஒருநாளும் கிடைத்ததில்லை.

மருத்துவர் சொன்ன பிறகும் இந்தச் சந்தேகம் போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல நாளில் எல்லா வேலையும் முடிந்துவிடும். உடனே ‘பார், முடிகிறதே, இத்தனை நாளும் நடித்திருக்கிறாய்’ என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். ஏறி இறங்குவது இந்தக் கோளாறின் இயல்பு. பிடித்த வேலை, நெருங்கிவிட்ட கெடு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பது ஆகியவை இருந்தால் ஓடும். இல்லாவிட்டால் அதே வேலை அசையாது. அதனால்தான் ‘உனக்கு வேண்டும் என்றால் செய்கிறாய்’ என்ற பழி நம்மேல் விழுகிறது.

இந்தப் பெயர் கிடைத்ததால் என் கடமைகள் ஒன்றும் குறையவில்லை. வட்டி அதே வட்டிதான். மறந்த பிறந்தநாளுக்கு மன்னிப்பு கேட்கத்தான் வேண்டும். குறைந்தது, என்னை நானே திட்டிக்கொள்ளும் நேரம். அந்த நேரத்தில் இரண்டு வேலை முடிகிறது.

தெரிந்தவரின் மாத்திரையை ஒன்று போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

வேண்டாம். இதற்குத் தரும் தூண்டு மருந்து (மூளையின் விழிப்பைக் கூட்டும் மருந்து) ஏ.டி.எச்.டி. இல்லாதவர்களின் கவனத்தையும் கூட்டும். 1978-லேயே அமெரிக்காவில் ஜூடித் ராபபோர்ட் குழு, எந்தக் கோளாறும் இல்லாத சிறுவர்களுக்கு இவ்வகைத் தூண்டு மருந்தைக் கொடுத்து அதைக் காட்டியது. எனவே ‘மாத்திரை வேலை செய்தது, ஆகவே இருக்கிறது’ என்ற வாதம் நிற்காது.

இந்தியாவில் பெரும்பாலும் எழுதப்படும் தூண்டு மருந்து மெத்தில்பெனிடேட். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் மனமயக்க மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்குவதும் கைமாற்றுவதும் குற்றம். பசி குறையும், தூக்கம் கெடலாம், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறலாம். இதய நோய் உள்ளவருக்கு ஆபத்து. அட்டமாக்சிடின் என்ற இன்னொரு மருந்து தூண்டு வகை இல்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எனக்கு எது ஒத்துக்கொண்டது என்று எழுதமாட்டேன். உங்கள் உடம்பு வேறு.

யாரிடம் போவது? எவ்வளவு செலவாகும்?

மருந்து எழுதும் அதிகாரம் மனநல மருத்துவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் விரிவாக மதிப்பிடுவார், சிகிச்சைப் பேச்சும் நடத்துவார். அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. பெரியவர்களின் ஏ.டி.எச்.டி.யை மதிப்பிட்டுப் பழக்கம் உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். ‘வேலைக்குப் போகிறீர்கள், கல்யாணம் ஆகிவிட்டது, உங்களுக்கு எப்படி இருக்கும்’ என்று 5 நிமிடத்தில் அனுப்பிவைத்தவர் ஒருவரை நான் சந்தித்தேன். 5 நிமிடத்தில் ‘இருக்கிறது’ என்று சொல்பவரும் அதே தவற்றைத்தான் செய்கிறார். எனக்கு முறையாக நடந்த மதிப்பீடு மூன்று அமர்வுகள். ஒன்றில் என் கணவரையும், ஒன்றில் தொலைபேசியில் அம்மாவையும் விசாரித்தார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் வெளிநோயாளராகக் கட்டணமின்றிப் பார்க்கலாம். காத்திருக்க நேரிடும். எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, தமிழிலும் பேசலாம். மனநல நோய்களுக்கும் உடல் நோய்களைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. ஆலோசனைக் கட்டணம் நம் கையிலிருந்துதான் போகும்.

வெளியே தெரிந்தால்?

உங்கள் சம்மதமின்றி மருத்துவ விவரத்தை வெளியிடக்கூடாது என்று அதே சட்டம் காப்பளிக்கிறது. அலுவலகத்தில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாகப் பெயர் குறிப்பிடப்படவில்லை. எனவே அதை மட்டும் வைத்துச் சான்றிதழ் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வீட்டில் யாரிடம் சொல்வது என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது. நான் அத்தையிடம் சொன்னது அவசரம்; அக்காவிடம் சொன்னது நல்லதாயிற்று.

முடிவு தெரியும்வரை என்ன செய்வது?

இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் தருபவை சில. மின்கட்டணமும் கடன் தவணையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். சாவிக்கு வாசலில் ஓர் ஆணி அடியுங்கள், வேறெங்கும் வைக்காதீர்கள். தள்ளிப்போடும் வேலைக்கு ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அவர் உதவ வேண்டாம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் போதும். ஏன் என்று கேட்டால் எனக்கு முழுமையாக விளக்கத் தெரியாது. என் வருமானவரிக் கணக்கை மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் கெடுவுக்குள் முடிக்கிறேன்.

இத்தனையும் செய்த பிறகு மருத்துவர் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால்?

என் சித்தப்பா மகனுக்கு அப்படித்தான் ஆயிற்று. என்னைவிட 5 வயது இளையவன், லாரி போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் மேலாளர். என் கதையைக் கேட்டதும் தனக்கும் இதுதான் என்று உறுதியாக நம்பினான். கூட்டத்தில் கவனம் நழுவுகிறது, படித்தது நிற்கவில்லை, சின்ன விஷயத்துக்குக் கத்துகிறேன் என்று பட்டியல் வைத்திருந்தான். இரண்டாவது அமர்வில் மருத்துவர் அவன் மனைவியிடம் ஒரே கேள்வி கேட்டார்: ‘இரவில் குறட்டை விடுவாரா?’ அடுத்த அறை வரை கேட்கும் என்றாள் அவள். பள்ளிக்காலத்தைப் பற்றிக் கேட்டபோது, அவன் நோட்டுகள் வகுப்பிலேயே ஒழுங்கானவை என்பதும் வெளிவந்தது. தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தவன் ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. தன் துன்பத்தைப் பொய் என்று சொல்லிவிட்டார்கள் என நினைத்துவிட்டான். பரிசோதனையில், தூங்கும்போது அவனுக்கு மணிக்கு முப்பது முறைக்கு மேல் மூச்சு தடைபடுவது தெரிந்தது. இப்போது முகமூடி போன்ற கருவியை மாட்டிக்கொண்டு தூங்குகிறான். முதல் பத்து நாள் அதைக் கழற்றி எறிந்தான். மூன்றாவது மாதம் தொலைபேசியில் அழைத்து, ‘அக்கா, நேற்று பாப்பாவுக்கு ஒரு மணி நேரம் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், கத்தவே இல்லை’ என்றான்.